வலைவழி லினக்ஸ் நிறுவுதலும் பழுது காணும் முறையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்)

முன்னுரை

வன்பொருள் எவ்வளவு உயர்ந்ததாக இருப்பினும், இயக்க அமைப்பு ஏற்றப்படாதவரை கணிப்பொறி என்பது வெறும் பெட்டியே. ஒரு கணிப்பொறியில் லினக்ஸ் இயக்க அமைப்பைப் பென் டிரைவ் கொண்டு ஏற்றுவது கடினமன்று. மொழி எது, விசைப்பலகை எது, ஹார்ட் டிஸ்க்கை எவ்வாறு பிரிப்பது, கடவுச்சொல் என்ன என்று அது வரிசையாகக் கேட்கும். உட்கார்ந்து விடை சொல்ல வேண்டும். ஆனால் ஓர் ஆய்வகத்தில் 30 கணிப்பொறிகள் இருந்தால், அதே கேள்விகளுக்கு 30 முறை விடை சொல்ல வேண்டும். விடையளிப்பவர் களைத்துப் போவார். ஒன்றுக்கொன்று மாறுபட்ட 30 கணிப்பொறிகளே கடைசியில் மிஞ்சும்.

இத்தொல்லையை நீக்கப் பிறந்ததே வலைவழித் தானியங்கி நிறுவுதல். கணிப்பொறியை வலையில் இணைத்து இயக்கினால் போதும். எஞ்சியவற்றை அதுவே பார்த்துக்கொள்ளும். நடக்கும்போது இது கண்கொள்ளாக் காட்சி. நடக்காதபோதோ, எவ்விடத்தில் தவறு என்று தெரியாமல் திகைக்க வைக்கும். சென்ற விடுமுறையில் எங்கள் துறை ஆய்வகத்தின் 30 கணிப்பொறிகளுக்கும் டெபியன் 12 ஏற்றும் பணியில், பேராசிரியர் அனுமதியுடன் ஆய்வக உதவியாளர் அண்ணனுக்குத் துணையாக இருந்தேன். அப்போது கண்டவற்றையும், அதையொட்டிப் படித்தவற்றையும் தொகுத்து, இப்பழுதுகளை முறையாகக் கண்டறியும் வழியை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

ஐந்து படிகள்

பழுதை அறிய வேண்டுமாயின், பழுதில்லாதபோது என்ன நடக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். வலைவழி நிறுவுதலை ஐந்து படிகளாகப் பிரிக்கலாம்.

முதற்படி முகவரி பெறுதல். மின்சாரம் பாய்ந்தவுடன் வலையட்டையில் உள்ள சிறு நிரல், "எனக்கு ஒரு முகவரி வேண்டும்" என்று வலை முழுவதற்கும் குரல் கொடுக்கும். சர்வரில் உள்ள டி.எச்.சி.பி. என்னும் சேவை முகவரியையும், அடுத்துப் பெற வேண்டிய கோப்பின் பெயரையும் கொடுக்கும். இரண்டாம் படி துவக்கக் கோப்பைப் பெறுதல். டி.எஃப்.டி.பி. என்னும் எளிய முறையில் அக்கோப்பு வந்து சேரும். மூன்றாம் படி, லினக்ஸின் கருவாகிய கெர்னலும், இனிட்ஆர்டி என்னும் தொடக்கக் கோப்புத் தொகுதியும் நினைவகத்தில் ஏறி இயங்குதல். நான்காம் படி விடைத்தாள் பெறுதல். நாம் முன்கூட்டியே எழுதி வைத்த விடைகள் அடங்கிய கோப்பை நிறுவு நிரல் சர்வரிலிருந்து படிக்கும். டெபியனில் இதற்குப் ப்ரீசீட் என்றும், ரெட்ஹேட் வகைகளில் கிக்ஸ்டார்ட் என்றும் பெயர். ஐந்தாம் படி, மென்பொருள் தொகுப்புகளைச் சேமக் கிடங்கிலிருந்து இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் பதித்தல்.

இவை ஒரே நாளில் ஒருவர் படைத்தவை அல்ல. டி.எஃப்.டி.பி. 1981-இலும், டி.எச்.சி.பி.க்கு முன்னோடியாகிய பூட்பி 1985-இலும், டி.எச்.சி.பி. 1993-இலும் வரையறுக்கப்பட்டன. இவற்றை இணைத்து வலையட்டையிலிருந்தே கணிப்பொறியைத் துவக்கும் பி.எக்ஸ்.இ. முறையின் 2.1 பதிப்பை இன்டெல் நிறுவனம் 1999-இல் வெளியிட்டது. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நோக்கத்திற்காகச் செய்யப்பட்டவை கைகோத்து வேலை செய்கின்றன என்பதை நாம் மறக்கலாகாது. பழுதுகளில் பெரும்பாலானவை ஒரு படி மற்றொரு படியிடம் வேலையை ஒப்படைக்கும் இடத்திலேயே தோன்றுகின்றன.

பழுது காணும் முறை

எங்கள் ஊரில் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லையென்றால், விவசாயி தன் வயலை வெட்டிக்கொண்டிருக்க மாட்டார். மதகிலிருந்து வாய்க்கால் வழியே நடந்து வருவார். எதுவரை தண்ணீர் வந்திருக்கிறது என்று பார்ப்பார். ஈரம் முடியும் இடத்திற்கும் காய்ந்த மண் தொடங்கும் இடத்திற்கும் இடையில்தான் அடைப்பு இருக்கும். என் தந்தையார் பள்ளிக்கூடம் சென்றவரல்லர்; ஆயினும் நடைமுறையில் அவர் கையாண்ட வழி இதுவே. கணிப்பொறிப் பழுதுக்கும் இதைவிடச் சிறந்த முறை கிடையாது.

கணிப்பொறித் திரையில் கடைசியாகத் தெரியும் செய்தி, காத்திருந்து ஏமாந்தவரின் புலம்பல் மட்டுமே. எவர் வராமற் போனார் என்பதை அது கூறும். ஏன் வரவில்லை என்பதைக் கூறாது. ஆகவே "என்ன பிழைச் செய்தி வந்தது?" என்று கேட்பதோடு, "கடைசியாக எந்தப் படி சரியாக நடந்தது?" என்றும் கேட்க வேண்டும். இதற்கு விடை பெரும்பாலும் சர்வரின் பதிவேட்டில் இருக்கும். எந்தக் கணிப்பொறி, எத்தனை மணிக்கு, என்ன கேட்டது, என்ன பெற்றது என்பதை டி.எச்.சி.பி., டி.எஃப்.டி.பி., வலைச் சர்வர் ஆகிய மூன்றையுமே குறித்து வைக்கச் செய்யலாம்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. எத்தனை கணிப்பொறிகள் நின்றன, எவை எவை நின்றன என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். எல்லாமே நின்றால் தவறு பெரும்பாலும் சர்வரிலோ பொதுப் பாதையிலோ இருக்கும். ஒன்றே ஒன்று நின்றால் அதன் கேபிளையோ அதன் உறுப்புகளையோ ஐயுற வேண்டும். ஒரே மாடலைச் சேர்ந்தவை மட்டும் நின்றால், அம்மாடலின் வலையட்டை, டிஸ்க், துவக்க அமைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு கணிப்பொறிகள் நின்றால், ஒரே கேள்விக்கு இருவர் விடை சொல்கிறார்கள் என்று கொள்ளலாம். நாங்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கணிப்பொறி எண், மாடல், கடைசியாக நடந்த படி என மூன்று பத்தி போட்டு எழுதி வந்தோம். அந்நோட்டு எங்களுக்கு எந்த மென்பொருளையும்விட அதிகமாக உதவிற்று.

முதற்படியில் தோன்றும் பழுதுகள்

பி.எக்ஸ்.இ. நிரல் தன் குறையை எண்ணால் கூறும். இ61 என்றால் கேபிள் இணைப்பே இல்லை. இ51 என்றால் முகவரி தர எவரும் முன்வரவில்லை, புதிய யு.இ.எஃப்.ஐ. கணிப்பொறிகளில் இது பெரும்பாலும் இ16 என வரும். இ53 என்றால் முகவரி கிடைத்தது, ஆனால் கோப்பின் பெயர் கிடைக்கவில்லை.

இவற்றுள் இ53 சுவையானது. எங்கள் ஆய்வகத்தில் முதல் நாள் சில கணிப்பொறிகள் நன்றாகத் துவங்கின. சில இ53 என்று நின்றன. மறுபடி இயக்கினால், நின்றவை ஓடின, ஓடியவை நின்றன. சர்வரில் டிசிபிடம்ப் என்னும் கட்டளையை இயக்கி, டி.எச்.சி.பி. பயன்படுத்தும் 67, 68 எண் போர்ட்டுகளில் போவன வருவனவற்றைக் கவனித்தோம். ஒரு கேள்விக்கு இரண்டு விடைகள் வந்தன. ஒன்று எங்கள் சர்வருடையது. மற்றொன்றை அனுப்பியது யாரோ எப்போதோ வலையில் செருகி மறந்துபோன ஒரு சிறு வைஃபை ரவுட்டர்! அதற்கு முகவரி கொடுக்கத் தெரியும். துவக்கக் கோப்பைப் பற்றி எதுவும் தெரியாது. ஒரு முகவரியைக் கொடுக்குமுன் அது வேறெவரிடமாவது இருக்கிறதா என்று சில சர்வர்கள் சோதித்துப் பார்க்கும். அந்தச் சிறு இடைவெளியில் ரவுட்டர் முந்திக்கொள்ளும். முதலில் வந்த விடையை ஏற்கும் கணிப்பொறி வழிதவறிப் போகும். எங்கள் ஸ்விட்ச் எந்த இணைப்பில் யார் இருக்கிறார் என்று காட்டும் வசதியில்லாத எளிய வகை. ஆதலால் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றியே அந்த ரவுட்டரைக் கண்டுபிடித்தோம். அதை நீக்கியபின் இ53 மறைந்தது.

வளாகத்திற்கு வேறொரு டி.எச்.சி.பி. சர்வர் முறைப்படி இயங்கிவந்தால் அதை நீக்க இயலாது. அங்கே முகவரியை அது கொடுக்கட்டும் என விட்டு, துவக்கக் கோப்பின் பெயரை மட்டும் கூறும் ப்ராக்ஸி டி.எச்.சி.பி. முறையைக் கையாள வேண்டும். டிஎன்எஸ்மாஸ்க் என்னும் சிறு மென்பொருள் இதைச் செய்யும்.

இரண்டாம் படியில் தோன்றும் பழுதுகள்

இ32 என்பது கோப்பைக் கேட்டும் விடை வரவில்லை என்பதன் குறி. டி.எஃப்.டி.பி. சேவை இயங்குகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இயங்கியும் விடை வராவிட்டால் இடையில் உள்ள தீயரணைப் பார்க்க வேண்டும். கோப்பைக் கேட்கும் கோரிக்கை 69-ஆம் எண் போர்ட்டுக்குச் செல்லும். ஆனால் விடை வேறொரு புதிய எண்ணிலிருந்து வரும். இதை அறியாத தீயரண், கேட்காத ஒருவர் பேசுகிறார் என்று எண்ணித் தடுத்துவிடும். 69-ஐத் திறந்துவிட்டோமே என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம்.

கோப்பு இல்லை என்று செய்தி வந்தால், பெயரையும் இடத்தையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் லினக்ஸுக்கு வெவ்வேறு. வேறொரு கணிப்பொறியிலிருந்து அதே கோப்பை டி.எஃப்.டி.பி. வழியாகக் கேட்டுப் பார்த்தால் ஐயம் தீரும்.

கோப்பு முழுவதும் சென்றது என்று பதிவேடு சொல்கிறது; கணிப்பொறியோ ஒன்றும் பேசாமல் பழைய திரைக்கே திரும்புகிறது என்றால், தவறான வகைக் கோப்பைக் கொடுத்திருக்கிறோம் என்பது பொருள். பழைய பயாஸ் கணிப்பொறிக்குப் பிஎக்ஸ்இலினக்ஸ் கோப்பு வேண்டும். யு.இ.எஃப்.ஐ. கணிப்பொறிக்கு அதற்கென அமைந்த க்ரப் கோப்பு வேண்டும். தான் எவ்வகை என்பதைக் கணிப்பொறி டி.எச்.சி.பி. கேள்வியின் 93-ஆம் விருப்ப எண்ணில் கூறுகிறது. அது 0 என்றால் பயாஸ். 7 என்றால் 64 பிட் யு.இ.எஃப்.ஐ. அதைப் பார்த்து உரிய கோப்பைத் தருமாறு சர்வரை அமைக்க வேண்டும். செக்யூர் பூட் என்னும் காப்பு இயங்கும் கணிப்பொறிகளில், கையொப்பமிடப்பட்ட ஷிம் கோப்பின் வழியாகவே செல்ல வேண்டும். டெபியன் 2019-இல் வெளிவந்த 10-ஆம் பதிப்பு முதல் இதற்கு இடமளிக்கிறது.

டி.எஃப்.டி.பி.யின் இயல்பையும் நினைவில் வைக்க வேண்டும். அது 512 பைட் கொண்ட ஒரு துண்டை அனுப்பி, பெற்றேன் என்ற விடை வந்தபின்னரே அடுத்த துண்டை அனுப்பும். துண்டுகளின் எண் 16 பிட்டில் எழுதப்படுவதால், ஏறக்குறைய 32 மெகாபைட்டுக்கு மேல் எண்ணிக்கை தீர்ந்துவிடும். துண்டின் அளவைப் பெரிதாக்கும் விருப்பம் 1995-இல் வரையறுக்கப்பட்டது. பழைய டி.எஃப்.டி.பி. மென்பொருளில் பெரிய இனிட்ஆர்டி கோப்பு பாதியில் நின்றால் இக்கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் படியில் தோன்றும் பழுதுகள்

கெர்னல் இயங்கத் தொடங்கியபின், "வலையட்டை காணப்படவில்லை" என்று செய்தி வருவதுண்டு. "இதுவரை அந்த வலையட்டை வழியாகத்தானே எல்லாம் வந்தன?" என்று நாம் வியப்போம். அதுவரை வலையட்டையை இயக்கியது அதன் சொந்த நிரல். இப்போது இயக்க வேண்டியது லினக்ஸின் டிரைவர். அதற்குச் சில வலையட்டைகளில் ஃபர்ம்வேர் என்னும் தனிக் கோப்பும் தேவை. டெபியன் 12 (2023) முதல் அதிகாரபூர்வ நிறுவு வட்டுகளில் இவை சேர்க்கப்பட்டுள்ளன. வலைவழித் துவங்கும் சிறிய இனிட்ஆர்டியிலோ நாமே அவற்றைச் சேர்க்க வேண்டும். எங்கள் நோட்டில் ஒரே மாடலைச் சேர்ந்த மூன்று கணிப்பொறிகள் மூன்றாம் படியிலேயே நின்றதாக எழுதியிருந்தது. ஃபர்ம்வேர் சேர்த்ததும் மூன்றும் ஒருசேர நகர்ந்தன.

பெரிய வளாகங்களில் வேறொரு காரணமும் உண்டு. லினக்ஸ் டிரைவர் வலையட்டையைப் புதிதாக இயக்கும்போது இணைப்பு ஒரு கணம் அறுந்து மீளும். ஸ்பானிங் ட்ரீ என்னும் சுழற்சித் தடுப்பு முறை இயங்கும் ஸ்விட்ச்சுகள், மீண்ட இணைப்பை வழக்கமாக 30 விநாடி சோதித்தபின்பே வழிவிடும். டெபியன் நிறுவு நிரலோ இணைப்புக்காக இயல்பாக 3 விநாடி மட்டுமே காத்திருக்கும். அக்காத்திருப்பைத் துவக்கக் கட்டளை வரியில் நீட்டலாம்; அல்லது அந்த இணைப்புக்குப் போர்ட்ஃபாஸ்ட் வசதியை ஸ்விட்ச்சில் அளிக்கலாம்.

"கெர்னல் மாட்யூல்கள் கிடைக்கவில்லை" என்ற செய்தி வந்தால், சர்வரில் உள்ள துவக்கக் கோப்புகள் பழையவை, சேமக் கிடங்கு புதியது என்று பொருள். நிலைப்பதிப்பும் இடையிடையே திருத்தம் பெறுவதால் இது நேர்கிறது. போன பருவத்தில் ஓடியது இப்பருவத்தில் ஓடாமற் போவதற்கு இதுவே பல இடங்களில் காரணம். புதிய கெர்னலையும் இனிட்ஆர்டியையும் இரண்டாகச் சேர்த்து இறக்கி வைத்தால் தீரும்.

நான்காம் படியில் தோன்றும் பழுதுகள்

இப்படியில், எந்தக் கேள்வியில் நின்றது என்பதே துப்பு. மொழி எது என்ற முதற் கேள்வியே வந்துவிட்டால், விடைத்தாளை நிறுவு நிரல் இன்னும் படிக்கவேயில்லை. வலை வந்தபிறகுதான் விடைத்தாள் வரும். மொழி, விசைப்பலகைக் கேள்விகளோ அதற்கு முன்பே எழும். துவக்கக் கட்டளை வரியில் ஆட்டோ என்பதற்கு ட்ரூ என்று கொடுத்தால், அக்கேள்விகள் விடைத்தாள் வரும்வரை ஒத்திவைக்கப்படும்.

வலைச் சர்வரின் பதிவேட்டைப் பார்த்தால் மூன்றில் ஒன்று தெரியும். விடைத்தாளைக் கேட்டதாகக் குறிப்பே இல்லையெனில், கணிப்பொறி சர்வரை வந்தடையவில்லை. 404 என்றிருந்தால் கோப்பின் பெயர் அல்லது இடம் தவறு. 200 என்றிருந்தால் கோப்பு சென்றுவிட்டது, தவறு உள்ளடக்கத்தில்.

உள்ளடக்கத் தவறுகளில் கண்ணுக்குத் தெரியாதது ஒன்றுண்டு. விடைத்தாளின் ஒவ்வொரு வரியிலும் வகைக்கும் மதிப்புக்கும் இடையே ஓர் இடைவெளிதான் விட வேண்டும். அழகுக்காக இரண்டு விட்டால், மிகுதி இடைவெளி மதிப்போடு சேர்ந்துவிடும். டெப்கான்ஃப்-செட்-செலக்ஷன்ஸ் என்னும் கட்டளையைச் சோதனை விருப்பத்துடன் இயக்கினால் வடிவப் பிழைகளை முன்னதாகவே காணலாம்.

டிஸ்க் பிரிக்கும் கேள்வியில் நின்றால், டிஸ்க்கின் பெயரைப் பார்க்க வேண்டும். பழைய கணிப்பொறிகளில் அது எஸ்டிஏ. புதிய என்விஎம்இ வகையில் என்விஎம்இ0என்1. ஒரே விடைத்தாள் இரண்டுக்கும் பொருந்தாது. டிஸ்க்கே தெரியாவிட்டால், பயாஸ் அமைப்பில் அது ரெய்டு முறையில் வைக்கப்பட்டுள்ளதா என்று பார்த்து, ஏ.எச்.சி.ஐ. முறைக்கு மாற்ற வேண்டியிருக்கலாம். ஆல்ட் விசையுடன் எஃப்4-ஐ அழுத்தினால் நிறுவு நிரலின் பதிவேடு தெரியும். எஃப்2-ஐ அழுத்தினால் கட்டளை வரி கிடைக்கும். எஃப்1 பழைய திரைக்குக் கொண்டுவரும்.

ஐந்தாம் படியில் தோன்றும் பழுதுகள்

தொகுப்புகளை இறக்கும்போது நின்றால், சேமக் கிடங்கின் முகவரியையும் ப்ராக்ஸி அமைப்பையும் பார்க்க வேண்டும். அவை சரியாக இருந்தும் ஒரே ஒரு கணிப்பொறி மட்டும் அடம்பிடித்தால், அதன் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். தாய்ப்பலகையின் சிறு பாட்டரி தீர்ந்த பழைய கணிப்பொறி, தான் பல ஆண்டுகள் பின்னால் இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கும். அதன் கணக்கில், சேமக் கிடங்கின் பட்டியல் இனிமேல்தான் செல்லுபடியாகும். பாதுகாப்புச் சான்றிதழும் அவ்வாறே. ஆகவே இரண்டையும் மறுத்துவிடும். நாணயம் போன்ற ஒரு சி.ஆர்.2032 பாட்டரியை மாற்றிக் கடிகாரத்தைத் திருத்தினால் சரியாகும்.

ஓர் எச்சரிக்கை

நிறுவுதல் வெற்றியாக முடிந்தபின்னும் ஒரு பெரும் பிழை காத்திருக்கிறது. கணிப்பொறி மறுபடி துவங்கும்போது வலையையே முதலில் நாடுமாறு அமைந்திருந்தால், மீண்டும் நிறுவத் தொடங்கும். முடிவேயில்லாமல் இது தொடரும். தானியங்கி நிறுவுதல் எவரையும் கேளாமல் டிஸ்க்கை அழிக்கும் என்பதை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். வேறோர் அறையில் ஒருவருடைய செய்முறைப் பதிவும் ப்ராஜெக்ட்டும் உள்ள கணிப்பொறி தற்செயலாக வலையிலிருந்து துவங்கினால், அவருடைய ஓராண்டு உழைப்பு சில நிமிடங்களில் மறையும்.

எனவே சர்வரின் பொது விடை எப்போதும் "உன் சொந்த டிஸ்க்கிலிருந்தே துவங்கு" என்பதாக இருத்தல் வேண்டும். நிறுவ வேண்டிய கணிப்பொறிக்கு மட்டும் தனிக் கோப்பு எழுத வேண்டும். பிஎக்ஸ்இலினக்ஸ் முதலில் அந்தந்தக் கணிப்பொறிக்குரிய கோப்புகளைத் தேடும். வலையட்டையின் மேக் முகவரிக்கு முன் 01 சேர்த்த பெயர் அவற்றுள் ஒன்று. எதுவும் இல்லையென்றால்தான் பொதுக் கோப்பைப் படிக்கும். வேலை முடிந்ததும் அத்தனிக் கோப்பை நீக்கிவிட வேண்டும். நாங்கள் முதலில் ஒரே ஒரு கணிப்பொறியில் ஐந்து படிகளையும் முடித்துப் பார்த்து, அதன்பின் ஐந்து, அதன்பின் எஞ்சியவை என்று சென்றோம்.

முடிவுரை

மேற்கூறிய பழுதுகளையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையில்லை. ஐந்து படிகளின் வரிசையும், கடைசியாக நடந்தது எது என்ற கேள்வியும், எவை எவை நின்றன என்ற குறிப்பும் போதும். காரணம் அறியாமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுகிறவர், ஓடினாலும் ஏன் ஓடிற்று என்று அறியார். அடுத்த பருவத்தில் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இது ஆய்வக உதவியாளரின் வேலைதானே, மாணவர்க்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என்னைப் போலவே இங்குப் பலர் உள்ளனர். வீட்டில் கணிப்பொறி இல்லை. வாரத்தில் கிடைக்கும் சில ஆய்வக மணிகளே எங்களுக்கு உள்ள மணிகள். ஓடாத ஒரு கணிப்பொறி என்றால், ஒரு கணிப்பொறிக்கு இருவர் உட்கார்ந்து, ஒருவர் தட்டச்சு செய்ய மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பது என்று பொருள். பார்த்துக்கொண்டிருப்பவர் செய்முறைத் தேர்வில் தனியாக உட்காரும்போது அதன் விலை தெரியும். இப்போது எங்கள் ஆய்வகத்தில் 30 கணிப்பொறிகளும் ஓடுகின்றன. அந்த நோட்டுப் புத்தகம் சர்வர் மேசையின் இழுப்பறையில் இருக்கிறது. அடுத்த ஆண்டு இப்பணியை ஏற்கும் தம்பி தங்கையர் அதில் தங்கள் குறிப்புகளையும் சேர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.